அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த மதிப்பெண்

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படிக்காதே. ஜெனியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி. பாதியில் கோபம் வந்தால் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி. கிழித்து மட்டும் போட்டுவிடாதே. வருகிற சனிக்கிழமை பாப்பாவைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போவதாக இன்று காலை போனில் சொன்னாய். ஜெனியின் அம்மா ஊருக்குத் திரும்பிவிட்டார், ஜெனி வேலைக்குப் போயாக வேண்டும், பெங்களூரில் பிள்ளை பார்க்கிற இடங்கள் ஒன்றும் மனதுக்குப் பிடிக்கவில்லை, "உங்க ரெண்டு பேர விட்டா எனக்கு வேற யாரும்மா" என்றாய். நானும், "கொண்டாப்பா, அதுக்கென்ன, நாங்க நல்லாத்தான இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனை எடுத்தால் என் வாய் தானாக "நல்லா இருக்கோம்" என்றுதான் சொல்லும். பழகிப்போன வாய். எழுதினாலாவது உண்மை வரும் என்று பார்க்கிறேன். பாப்பாவை எங்களிடம் விட வேண்டாம். அப்பா நல்லா இல்லை. நல்லா இல்லாமல் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அது எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டவளும் நான்தான்.

உனக்கு அந்த மதிப்பெண் சீட்டு ஞாபகம் இருக்கும். உன் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம் நான் போட்டோ எடுத்து, "அப்பா நூத்துக்கு நூறு" என்று எழுதி உனக்கு அனுப்பினேனே, அது. நீ அதை ஜெனி வீட்டில் எல்லோருக்கும் காட்டினாயாம். "எங்க அப்பாவுக்கு எழுபது வயசு, உங்கள்ல யாராவது அவர்கூட கை பிடிச்சுப் பாருங்க" என்று சவால் விட்டாயாம். சம்பந்தியம்மா கல்யாண வீட்டில் என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சீட்டு வந்த கதையை இப்போது சொல்கிறேன்.

அறுபது வயதைத் தாண்டியவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அளக்க ஓர் ஆராய்ச்சிக்காக நம் ஊரில் வீடு வீடாக வந்தார்கள். நம் வீட்டுக்கு வந்தது மலர் என்கிற பெண், ஆண்டிபட்டிப் பக்கம். தோளில் ஒரு பை, கையில் டேப்லெட். "என்னம்மா, சுகர் பாக்கணுமா, பிரஷரா?" என்று கேட்டேன். "அதுவும் பாப்போம் டீச்சர். ஆனா நோய் இருக்கா இல்லையாங்கிறது மட்டும் கணக்கில்ல. தனக்கு வேணுங்கிறத தானே செஞ்சுக்கிற முடியுதா, நாலு எடம் போயி வர முடியுதா, ஞாபகம் எப்படி, மனசு எப்படின்னு எல்லாம் பாக்கணும். நம்ம நாடு மாதிரி எடத்துல வயசானவுக எப்படி இருக்காகன்னு யாருகிட்டயும் சரியான கணக்கு இல்ல. கேட்டா எல்லாரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்றாக" என்றாள். கெட்டிக்காரப் பெண். அவள் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நாற்காலியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். அப்பா பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி செய்தார். நடுவீட்டில் கோடு போட்டு நடக்கச் சொன்னாள். தோட்டத்துக்குப் போகிற வேகத்தில் நடந்தார். பிறகு பிடியை அளக்கிற கருவியைக் கையில் கொடுத்து, முடிந்த மட்டும் இறுக்கச் சொன்னாள். அதில் வந்த எண்ணைப் பார்த்து அவளே திகைத்துவிட்டாள். "அய்யா, இந்த ஊர்ல எளவட்டப் பயலுகளுக்கே இவ்வளவு வராது போல." அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாப்பத்தஞ்சு வருசமா கவாத்துக் கத்தரி பிடிச்ச கைம்மா. திராட்சக் கொடி சும்மா விடுமா?" என்று இரண்டு கையையும் நீட்டிக் காட்டினார்.

அதற்கப்புறம்தான் அந்தப் பத்து வார்த்தைகள் வந்தன. மலர் பத்து வார்த்தைகளை மெதுவாகப் படிப்பாள்; படித்து முடித்ததும் எத்தனை ஞாபகம் இருக்கிறதோ அத்தனையும் திருப்பிச் சொல்ல வேண்டும். இதில் மாட்டிக்கொள்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் அதற்கு ஆறேழு மாதம் முன்பிருந்தே நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "சோறு வைக்கலையா?" என்று கேட்பார். உத்தமபாளையத்துக்கு உரம் வாங்கப் போனவர் சின்னமனூரில் இறங்கி நின்றார்; யாரோ தெரிந்தவர் பஸ் ஏற்றி அனுப்பினார். ராத்திரிச் செபத்தில் பாதியில் நின்றுவிடுவார். நான் அடுத்த வரியை எடுத்துக் கொடுப்பேன். வயசுதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வரப்போகிறார்கள். "அந்த வீட்டுப் பெரியவருக்குப் புத்தி மாறாட்டமாம்" என்று ஒரு பேச்சு கிளம்பினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நம் தெருவிலேயே ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் நிச்சயம் நின்றுபோனது.

மலர் அப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் அடுப்படி வாசலில் நான், மடியில் மொச்சைக்காய். அப்பா திருப்பிச் சொல்லத் தடுமாறியபோது, "கதவு" என்றால் கதவைத் தொட்டேன். "மூக்கு" என்றால் மூக்கைத் தொட்டேன். "விளக்கு" என்றால் மாதா படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கைக் காட்டினேன். அந்த மாதாவுக்கு முன்னாலேயே! அப்பா முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தார், அப்புறம் பிடித்துக்கொண்டார். என் கையைப் பார்த்துப் பார்த்து ஒன்பது வார்த்தை சொன்னார். "ஆறு" மட்டும் வரவில்லை. ஆற்றை எப்படிக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. மலர் சந்தோஷமாகக் குறித்துக்கொண்டு, மதிப்பெண்ணெல்லாம் எழுதிய அந்தச் சீட்டை என்னிடம் கொடுத்தாள். போகும்போது, "கொறச்சலா வந்தவுகள மட்டும் அடுத்த மாசம் தேனிக்குக் கூட்டிட்டுப் போயி டாக்டர்ட்ட காட்டுறோம் டீச்சர். அய்யாவுக்கு அது தேவைப்படல" என்றாள். நான் மூச்சு விட்டேன். பெரிய கண்டத்திலிருந்து தப்பித்துவிட்ட மாதிரி இருந்தது, தம்பி. அந்த மாதம் நம் தெருவிலிருந்து நாலு பேர் வேனில் தேனிக்குப் போனார்கள். அப்பா போயிருக்க வேண்டிய வேன் அது. வாசலில் நின்று நான் கையசைத்தேன்.

நீ ஐந்தாவது படிக்கும்போது, என் வகுப்பில், அரையாண்டுப் பரீட்சையில், பக்கத்தில் இருந்த பையனுக்குக் கணக்கைக் காட்டிக் கொடுத்தாய். பெற்ற பிள்ளை என்று பார்க்காமல் உன்னை அத்தனை பேர் முன்னால் அடித்தேன். "அவன் பாவம்மா, அவனுக்குத் தெரியல" என்று நீ அழுதாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "அவனுக்குத் தெரியலைன்னு எனக்குத் தெரிஞ்சாத்தானடா நான் அவனுக்குச் சொல்லிக் குடுக்க முடியும்? நீ அவனுக்கு நல்லது செய்யல, அவன் தெரியாமலே போறதுக்கு வழி செஞ்சிருக்க." இரண்டு நாள் நீ என்னோடு பேசவில்லை. முப்பத்து மூன்று வருடம் பிரம்பு பிடித்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னது இதுதான். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி என்று இப்போது என்னைப் பார்த்து யார் சொன்னாலும் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். உன்னை அன்று அடித்ததற்கும் இன்று மன்னிப்புக் கேட்கிறேன். நீயாவது அந்தப் பையன்மேல் இரக்கப்பட்டுச் செய்தாய். நான் என் மானத்துக்குப் பயந்து செய்தேன்.

கல்யாணம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஜெனி உண்டாகியிருக்கிறாள் என்றாய். இந்த நேரத்தில் எதற்கு என்று விட்டேன். சொல்லாமல் விட ஒவ்வொரு மாதமும் ஒரு நல்ல காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால்கூட, கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன் என்று சில்லறைப் பாவங்களைச் சாமியாரிடம் சொல்லிவிட்டு, இதை விழுங்கிக்கொண்டு வந்தேன்.

போன ஆடியில் திராட்சைக்குச் சாம்பல் நோய் விழுந்துவிட்டது, கொடியை வெட்டிவிட்டோம் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? நீகூட நெட்டில் தேடித் தேடி என்னென்னவோ மருந்துப் பெயர் அனுப்பினாய். நோயும் இல்லை, நொடியும் இல்லை. கொடியை வெட்டிவிடுகிற கவாத்து முடிந்து நாற்பது நாள், பந்தல் முழுக்க மிளகு அளவுக்குப் பிஞ்சு பிடித்திருந்தது. அன்று காலையில் தோட்டத்தில் களை எடுக்கிற பாக்கியம் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "டீச்சர், அய்யா பிஞ்சுக் கொடிய வெட்டுறாக! சொன்னா கேக்க மாட்டேங்குறாக, ஓடியாங்க!" போய்ப் பார்த்தால் பாதிப் பந்தல் மொட்டையாக நிற்கிறது. கீழே பச்சைப் பிஞ்சுக் குலைகள் கால் வைக்க இடமில்லாமல் கிடக்கின்றன. அப்பா கல்தூணில் சாய்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "கவாத்துக்கு நாளு தள்ளிப் போச்சுல்ல, அதான் நானே ஆரம்பிச்சுட்டேன்" என்றார். கவாத்துக்கு நாள் பார்க்க ஊரே தேடி வருகிற மனிதர், தம்பி. ஒவ்வொரு வெட்டும் கணு பார்த்து, சாய்வாக, அவ்வளவு சுத்தமாக இருந்தது. கை மறக்கவே இல்லை.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? கத்தரியை வாங்கி வைத்துவிட்டு அவரைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்திருக்க வேண்டும். உனக்குப் போன் போட்டிருக்க வேண்டும். பாக்கியமும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். "நான்தான் வெட்டச் சொன்னேன். சாம்பல் நோய் விழுந்துருச்சு, உங்களுக்குத் தெரியல" என்றேன். பாக்கியம் என் முகத்தையே பார்த்தாள். நோய் என்றால் பாதியை வெட்டிப் பாதியை யாராவது விடுவார்களா? அதனால் மீதிப் பாதியையும் வெட்டச் சொன்னேன். ஆள் விட்டு, பக்கத்திலேயே நின்று, ஒரு குலை மிச்சமில்லாமல் வெட்ட வைத்தேன். அப்பா வெட்டியது அறியாமல் வெட்டியது. அந்த மீதிப் பாதி நான் அறிந்து வெட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நான் ஒரு பந்தலையே மறைக்கப் பார்த்தேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் ஜெனி கேட்க வேண்டியது. ஜெனி, அத்தை உன்னிடம் நேரடியாகச் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தீர்கள். மறுநாள் மதியம் நீங்கள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். அப்பா பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் உலாவிக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்தபோது அவர் தோட்டத்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். கையில் பிள்ளை இல்லை, கத்தரி இருந்தது. "பாப்பா எங்கங்க?" என்றேன். "எந்தப் பாப்பா?" என்றார்.

நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது. பந்தலுக்குக் கீழே, துண்டை விரித்து, அதன்மேல் பத்திரமாகத்தான் படுக்க வைத்திருந்தார். இரண்டு முழத்துக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவளுக்குக் குப்புற விழத் தெரியும், தவழத் தெரியாது. அதுதான் காப்பாற்றியது. மேலே கொடியைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டு கிடந்தாள். காலில் எறும்பு. தூக்கி, தட்டிவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ எழுந்து வந்து, "கால்ல என்ன அத்தை, சிவந்திருக்கு?" என்று கேட்டாய். "கொசுவா இருக்கும்த்தா" என்றேன். நீ என்னை நம்பி தேங்காய் எண்ணெய் தடவினாய். அன்றிலிருந்து இன்றுவரை தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. இதைச் சொல்லாமல், இன்று காலை "கொண்டாப்பா" என்று சொல்லியிருக்கிறேனே, நானெல்லாம் ஒரு பொம்பளையா? பாப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள அவ்வளவு ஆசை. ஆசை இருந்தால் போதும், எப்படியாவது பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஒரு நிமிஷம் நிஜமாகவே நினைத்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை மலர் மறுபடி வந்தாள். இரண்டு வருடம் கழித்து அதே ஆட்களை மறுபடி அளந்து, என்ன மாறியிருக்கிறது என்று பார்ப்பார்களாம். அதே நாற்காலி, அதே நடை, அதே கருவி. அப்பாவின் பிடி அப்படியேதான் இருக்கிறது. பிறகு, "அய்யா, பத்து வார்த்த சொல்றேன், கவனமாக் கேளுங்க" என்றாள். இந்தத் தடவை நான் அடுப்படி வாசலில் உட்காரவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன். அவள் படிக்கிறாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை. என் மடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். படித்து முடித்து, "சொல்லுங்கய்யா" என்றாள். ஒன்றும் வரவில்லை. என் தலைப்பைப் பிடித்து லேசாக இழுத்து, "ஏன் டீச்சர், இன்னைக்குக் கையக் காட்டலையே?" என்றார்.

மலர் டேப்லெட்டை மடியில் வைத்துவிட்டாள். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "போன தடவ எழுதினத நான் மாத்த முடியாது டீச்சர். மேல சொல்லி வைக்கிறேன்" என்றாள். டேப்லெட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டே, "எத்தன வீட்டுல இப்படி இருக்கோ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்பாவுக்குத் தேனிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள், சனிக்கிழமை கழிந்து வருகிற புதன்கிழமை. அடுத்தது என் முறை. என்னிடம் கேள்விகள் கேட்டுக்கொண்டே வந்தவள், "உங்களுக்கு ஒத்தாச வேணும்னா யார்ட்ட கேப்பீக?" என்றாள். "என் மகன்ட்ட" என்றேன், பட்டென்று. எழுதிக்கொண்டே, "இதுவரைக்கும் கேட்டிருக்கீகளா?" என்றாள். அது அவள் பட்டியலில் இருக்கிற கேள்வியா, அவளாகக் கேட்டதா தெரியவில்லை. இல்லை என்றே எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

அதனால் இப்போது கேட்கிறேன், தம்பி. புதன்கிழமை எங்களோடு நீ தேனிக்கு வர வேண்டும். டாக்டர் கேட்கிறபோது நான் மறுபடி ஏதாவது பூசி மெழுகினால், "அம்மா, சும்மா இரு" என்று அதட்ட ஓர் ஆள் வேண்டும். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறேன் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் போயிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று தெரியாது. ஒன்றும் கிடைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு இருந்த உரிமையை நான் எடுத்துக்கொண்டேன். சம்பந்தி வீட்டாருக்கும் சொல்லிவிடு. அவர்கள் ஏதாவது சொன்னால் என்னிடம் சொல்லட்டும், அப்பாவை ஒன்றும் சொல்ல வேண்டாம். உனக்குப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இப்போது இல்லை. ஆனாலும் பெற்றவள் வாய் சும்மா இருக்காது. நீயும் ஜெனியும் ஒருவரை ஒருவர் தாங்குங்கள், ஆனால் மறைக்காதீர்கள். முடியாததை முடியும் என்று அவளுக்காக நீ சொல்லாதே, உனக்காக அவளைச் சொல்ல விடாதே. உன் அப்பா வாய் திறக்கும் முன்னால் நானே பேசிப் பழகிவிட்டேன், நாற்பது வருடமாக. அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியவில்லை என்று கடைசியில் எனக்கே தெரியாமல் போய்விட்டது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார். "யாருக்கு எழுதுற?" என்றார். "தம்பிக்கு. பாப்பாவ நம்மகிட்ட விட வேணாம்னு எழுதுறேன்" என்றேன். கோபப்படுவார், இல்லாவிட்டால் புரியாது என்று நினைத்தேன். தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "எழுது டீச்சர். இப்பவே எழுதிரு. நான் மறந்துருவேன், நீ மறைச்சுருவ" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, தம்பி. எவ்வளவு நாளாக என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சனிக்கிழமை வா. பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. நீ பக்கத்தில் இருந்து அவளை அவர் மடியில் வைத்துக் காட்டு. திரும்பும்போது அவளைக் கூட்டிக்கொண்டு போ.

உன் அம்மா